பெட்டியைத் தாண்டி

குழந்தையைச் சவப்பெட்டிக்கு மேலே தூக்கிக் கொடுக்க விடமாட்டேன் என்று எமரி வியாழக்கிழமையே சொல்லிவிட்டான். அடக்கம் சனிக்கிழமை. இடையில் இறந்துபோன அவன் மனைவி மார்வாவின் ஆட்கள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேச்சை எடுக்காமலே நெருக்குவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள்.

சனிக்கிழமை காலை அவன் எர்த்தாவின் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். எர்த்தா மார்வாவின் மூத்த அக்கா. தாய் செத்த பிறகு மார்வாவைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள். அடுப்பில் அண்டா நிறையத் தக்காளிச் சோறு வெந்துகொண்டிருந்தது. புகையில் வாட்டிய பன்றிக்கறித் துண்டுகள் அதில் கிடந்தன. அடக்கம் முடிந்து வருகிறவர்களுக்கு. சாவானாலும் கல்யாணமானாலும் இந்தத் தீவுகளில் சோறு இல்லாமல் ஆகாது. நெல் விளைவிக்கத் தெரிந்த ஆட்கள் என்றுதான் இவர்களின் முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து பார்த்துப் பொறுக்கி அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விலங்கு போனது. சோறு நின்றது.

எமரியின் மடியில் குழந்தை இருந்தாள். ஒன்றரை வயது. சர்ட்டிபிகேட்டில் நயோமி கேப்பர்ஸ். வீட்டில் இறாக்குஞ்சு. பிறந்தபோது அப்படிச் சுருண்டு கிடந்தாள் என்று மார்வா வைத்த பெயர். தீவில் எல்லாருக்கும் இப்படி இரண்டு பெயர் உண்டு. இரண்டாவது பெயர் சொந்தக்காரர்களுக்கு மட்டும்.

"சாப்பிட்டியா?" என்றாள் எர்த்தா, திரும்பிப் பார்க்காமல்.

"சாப்பிட்டேன்க்கா."

"எது, அந்தத் தட்டுலயா? பூனை வந்து நக்குனாகூட அதைவிட நல்லாக் காலி பண்ணியிருக்கும்."

மேசையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஃப்ளோரி சிரித்தாள். அவள் மார்வாவின் ஒன்றுவிட்ட அக்கா. எந்தச் சாவு வீட்டிலும் முதல் சிரிப்பு அவளுடையதுதான்.

"இறாக்குஞ்சுக்கு வெள்ளைக் கவுன் தேச்சு வெச்சிருக்கேன்" என்றாள் எர்த்தா.

எமரி நிமிர்ந்தான். "எதுக்கு?"

"போட்டுக்கத்தான். கவுனுக்குமா பயம் உனக்கு?"

"விடு எர்த்தா" என்றாள் ஃப்ளோரி. "படிச்ச மாப்பிள்ளை. கவுன்ல கிருமி இருக்கான்னு பாத்துட்டுத்தான் போடுவாரு."

அது அவன் வேலையைப் பற்றிய குத்தல். மாவட்ட ஆய்வகத்தில் கழிமுகத்துத் தண்ணீரைச் சோதிப்பது அவன் வேலை. தண்ணீர் கெட்டிருக்கிறது என்று அவன் எழுதினால் அந்த வாரம் யாரும் சிப்பி எடுக்க முடியாது. மார்வாவின் உறவில் பாதிப் பேருக்கு அவன்மேல் அந்தக் கோபம் இருந்தது.

மார்வா செவ்வாய்க்கிழமை தலைவலி என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டாள். புதன்கிழமை சவானா நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார். எமரி சரி என்றான். ஏதோ கையெழுத்துக் கேட்டார்கள். போட்டான். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் சரி என்றான். பெட்டிக்கு இந்த மரம். சரி. இந்தப் பாட்டு. சரி. நம் வீட்டுக் கல்லறையில்தான் புதைக்க வேண்டும். சரி. ஒன்றுக்கு மட்டும் முடியாது என்றான்.

அந்த ஒன்று இதுதான். பெட்டி குழிக்குள் இறங்குவதற்கு முன்னால், இறந்தவரின் சிறு பிள்ளைகளைப் பெட்டிக்கு மேலாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தூக்கிக் கொடுப்பார்கள். மறுபடி இந்தப் பக்கம் வாங்கி, மறுபடி அந்தப் பக்கம் கொடுப்பார்கள். மூன்று தரம். அப்படிச் செய்தால் இறந்தவர் பிள்ளையைத் தேடிக்கொண்டு வரமாட்டார். செய்யாவிட்டால் வருவார். தாயாக இருந்தால் நிச்சயம் வருவாள். தீவுகளில் பிறந்தவர்களில் இப்படித் தூக்கிக் கொடுக்கப்படாதவர்கள் குறைவு. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எமரியும் கேட்கவில்லை. "அவ குழந்தை. பார்சல் இல்ல" என்று மட்டும் வியாழக்கிழமை சொன்னான்.

படிப்பு பேசுகிறது என்று எல்லாரும் முடிவு கட்டிக்கொண்டார்கள். அவனும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். அது அவனுக்கு வசதியாக இருந்தது.

"சரி. சாமான் கொண்டு வந்தியா?" என்று எர்த்தா கேட்டாள்.

கல்லறைமேல் வைக்கிற சாமான். இறந்தவர் கடைசியாகத் தொட்டுப் புழங்கியவை. எமரி கதவோரம் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினான். எர்த்தா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குனிந்து திறந்தாள். ஒரு சீப்பு. மூக்குக்கண்ணாடி. அலாரக் கடிகாரம். குளியல் துண்டில் நாலு சுற்று சுற்றிய ஏதோ ஒன்று. அதைப் பிரித்தாள். மார்வாவின் காப்பிக் கோப்பை.

எர்த்தா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். இரண்டு வில்லையும் முழுதாக இருந்தன. கடிகாரத்தைக் காதருகே கொண்டுபோனாள்.

"இது ஓடுது."

எமரி குழந்தையை மடியில் நகர்த்தி உட்காரவைத்தான்.

"சாவி குடுத்தியா?"

"குடுத்தேன்."

"ஃப்ளோரி, அந்த வெண்டைக்காய எடுத்துக்கிட்டு வெளிய போ."

"நான் என்ன பண்ணேன்?"

"போடி."

ஃப்ளோரி போனாள். எர்த்தா நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கல்லறைச் சாமானை உடைத்துத்தான் வைப்பார்கள். கோப்பையில் ஒரு விரிசலாவது வேண்டும். கடிகாரம் நின்றிருக்க வேண்டும். உடைந்தால்தான் இறந்தவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கயிறு அறும். இது நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எமரிக்குத் தெரியாமல் இல்லை. அவனும் பக்கத்துத் தீவுக்காரன்தான், செயின்ட் ஹெலினா.

"நம்பாத ஆளு" என்றாள் எர்த்தா, "இதெல்லாம் ஏதோ பொம்பளைங்க சொல்றாங்கன்னு மேலோட்டமா ஒரு தட்டுத் தட்டி உடைச்சுக் கொண்டாந்திருப்பான். இல்ல, கொண்டு வராமலே வந்திருப்பான். நீ முட்டைய அடைகாக்கற மாதிரி துண்டுல சுத்திக் கொண்டாந்திருக்க. கடிகாரத்துக்குச் சாவி குடுத்திருக்க." அவள் குரல் இறங்கியது. "நீ நம்பற. எங்க எல்லாரையும்விட நீதான்டா நம்பற. அவ வரணும்னு பாக்கற."

எமரி குழந்தையின் தலையைத் தடவினான். இரண்டு நாளாகச் சீவாத தலை. அவனுக்குப் பின்னல் போடத் தெரியாது.

எர்த்தாவின் வீட்டில் ஜன்னல் சட்டம், கதவு எல்லாம் நீலம். இறந்தவர்கள் நீலத்தைத் தண்ணீர் என்று நினைத்துத் தாண்ட மாட்டார்களாம். எமரியும் மார்வாவும் போஃபர்ட் நகரத்தில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஜன்னல்கள் வெள்ளை. புதன்கிழமை அந்த வீட்டுக்குத் திரும்பியவுடன் அவன் பார்த்தது அதைத்தான். வெள்ளை. நல்லது என்று நினைத்துக்கொண்டான்.

"எனக்கு நாலு வயசுல எங்கப்பா படகு கவுந்து போனாரு" என்றான். "என்னைத் தூக்கிக் குடுத்தாங்க. எங்க சித்தப்பா இந்தப் பக்கம், யாரோ ஒருத்தர் அந்தப் பக்கம். அந்த வார்னிஷ் வாடை ஞாபகம் இருக்கு. எங்கப்பா ஞாபகம் இல்ல. அன்னிக்கு அப்புறம் ஒரு கனவுலகூட வரல. முகம் தெரியாது. குரல் தெரியாது. போட்டோவப் பாத்தா யாரோ ஒரு மீன்காரர் மாதிரி இருக்கு. துடைச்சு விட்ட மாதிரி. அது வேலை செய்யுதுக்கா. எனக்குத் தெரியும்."

"வேலை செய்யணும்னுதானே பண்றோம்?"

"இவளுக்கு ஒன்றரை வயசு. மார்வாவ இவ பாத்ததே கொஞ்சம். அதையும் நான் ஏன் என் கையால அறுத்து விடணும்? வரட்டுமே. ராத்திரி வந்து பாத்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணும் பயம் இல்ல."

எர்த்தா சோற்றண்டாவைப் பார்த்தாள். அடி பிடிக்கிற வாசனை வந்தது. எழுந்து போய்க் கிளறவில்லை.

"மார்வாவையும்தான் தூக்கிக் குடுத்தோம். நான்தான் அந்தப் பக்கம் நின்னு வாங்குனேன். எட்டு மாசக் குழந்தை. ஒரு நாளாவது அம்மாவத் தேடி அழுதிருப்பாளா? கேளு, யாரை வேணா கேளு."

"அழல" என்றான் எமரி. "எங்கிட்டயே சொல்லியிருக்கா. அம்மான்னு ஒருத்தி இருந்தாங்கறதே மறந்துபோயிடும்னு சொல்லுவா. அதான்க்கா எனக்குப் பயம்."

எர்த்தா மறுபடி கடிகாரத்தை எடுத்தாள். கடிகாரத்தின் பின்பக்கம் இருந்த குமிழை அழுத்தி அதை நிறுத்தினாள். அது தன் உரிமை என்பது மாதிரி நிறுத்தினாள். கோப்பையை மட்டும் மறுபடி துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"இத நீதான் உடைக்கணும். நான் தொட மாட்டேன். உடைக்கலேன்னா அதுவும் உன் இஷ்டம். ஒண்ணு மட்டும் பண்ணு. நீ என் கார்ல வர வேண்டாம். அமோஸோட வா."

*

கோயிலில் பாட்டு, பிரசங்கம், அழுகை எல்லாம் முறைப்படி நடந்தன. எமரிக்கு அதில் ஒன்றும் பதியவில்லை. கைதட்டலில் தரை அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. குழந்தை அந்த அதிர்வுக்கு ஏற்பத் தலையை ஆட்டினாள்.

பிறகு கார்கள் வரிசையாகக் கிளம்பின. முன்னால் பெட்டி வைத்த கறுப்பு வண்டி. அடுத்தது அமோஸின் கார். அமோஸ் எர்த்தாவின் தம்பி, மார்வாவின் அண்ணன். போஃபர்ட்டில் மருந்துக்கடை வைத்திருந்தார். சட்டையில் எப்போதும் மாத்திரை வாசம் அடிக்கும். அவர் ஓட்டினார். எமரி பக்கத்தில் உட்கார்ந்தான். வெள்ளைக் கவுனோடு குழந்தை மடியில். அட்டைப்பெட்டி காலடியில்.

கல்லறை, செல்வந்தர்களின் குடியிருப்புக்குள் இருந்தது. அடிமைத்தனம் ஒழிந்த காலத்தில் மார்வாவின் கொள்ளுத்தாத்தா காசு சேர்த்து வாங்கிய நிலம். அதற்கு நூறு வருஷம் கழித்துப் பாலம் வந்தது. அதோடு கட்ட முடியாத அளவுக்கு நிலவரி ஏறியது. நிலம் கை மாறியது. புது முதலாளிகள் கோல்ஃப் மைதானமும் வீடுகளும் கட்டிச் சுற்றி வேலி போட்டார்கள். இடத்துக்கு ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரை வைத்தார்கள். பழைய எஜமானர்களின் தோட்டம் மாதிரி. கல்லறையை மட்டும் யாராலும் விற்க முடியவில்லை. அது உள்ளேயே மாட்டிக்கொண்டது.

வாசலில் தடுப்புக் கம்பம் இறங்கி இருந்தது. காவலாளி ஒரு வெள்ளைக்காரப் பையன். கையில் அட்டை. கறுப்பு வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். பிறகு பின்னால் நின்ற கார்களைப் பார்த்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"சார், இத்தனை வண்டிக்குச் சீட்டு இல்லையே. ஆபீஸ் குடுத்ததுக்கு மேல இருக்கு."

"சொந்தக்காரங்க கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் அமோஸ். "நாங்க என்ன பண்றது, பெத்துட்டாங்க."

"ஆபீசுக்குக் கேக்கணும் சார். கொஞ்சம் இருங்க. ரொம்ப மன்னிக்கணும்."

அவன் கூண்டுக்குள் போய்ப் போனை எடுத்தான். எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை போல. நின்றுகொண்டே இருந்தான்.

அமோஸ் என்ஜினை அணைத்தார்.

"போன ஈஸ்டருக்கு அம்மா கல்லறைக்குப் பூ கொண்டாந்தேன். இதே இடம். வேற பையன். யாரைப் பாக்க வந்தீங்கன்னான். எங்கம்மாவன்னேன். வீட்டுல இருக்காங்களான்னு போன் பண்ணிக் கேக்கட்டுமான்னான்."

எமரியின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. நாலு நாளில் முதல் தடவை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டுப் பாருன்னேன். நானும் ரொம்ப நாளா முயற்சி பண்றேன், எடுக்கவே மாட்டேங்கறான்னேன்."

குழந்தை காரின் கைப்பிடியை நக்கினாள். எமரி அவள் முகத்தைத் திருப்பினான்.

"எர்த்தாக்கா சொல்லித்தானே பேசறீங்க" என்றான்.

"ஆமா. என்னை மட்டும்தான் எங்க வீட்டுல தூக்கிக் குடுக்கல. அதான் என் கார்ல ஏத்தி விட்டிருக்கா."

எமரி திரும்பிப் பார்த்தான். இது அவனுக்குத் தெரியாது. மார்வா சொன்னதில்லை.

"அம்மா செத்தப்ப எனக்கு ஆறு வயசு. உடம்பெல்லாம் அம்மை. வேற வீட்டுல போட்டு வெச்சிருந்தாங்க. காய்ச்சல் இறங்கி எந்திரிச்சப்ப குழிய மூடிட்டாங்க. எர்த்தா அழுதா. பெரியவங்க, பாத்துக்கலாம்னாங்க." அமோஸ் தடுப்புக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வந்தா. மண்ணு காயறதுக்கு முன்னாடியே வந்தா. கட்டில் காலடியில நிப்பா. சாதாரணமா, சமையல் பண்ற துணியோட."

"பயந்தீங்களா?"

"இல்ல. அம்மாதானே? சந்தோஷமா இருந்துச்சு. நீ கேக்க நினைக்கறது அதானே? இருந்துச்சு. ஆனா அவ முகத்துல ஒரு கேள்வி இருக்கும் தம்பி. எதையோ வெச்ச இடம் மறந்துட்டவ மாதிரி. பேச மாட்டா. என்னம்மா வேணும்னு கேப்பேன். எந்திரிச்சுப் போய்த் தண்ணி கொண்டாந்து காட்டுவேன். ரொட்டி. அவ சால்வை. மார்வாவத் தூக்கிக்கிட்டு வந்து காட்டுவேன், அது தூங்கிக்கிட்டே இருக்கும். எதுவும் இல்ல. அப்படியே பாத்துக்கிட்டு நிப்பா. ஆறு வயசுப் பையன், செத்துப்போன பொம்பளையச் சமாதானப்படுத்திக்கிட்டு இருந்தேன். பள்ளிக்கூடத்துல உக்காந்தா தூங்கிடுவேன். வாத்தியார் அடிப்பாரு. அம்மா வந்திருந்தான்னு எப்படிச் சொல்றது?"

"எப்ப நின்னுது?"

"அடிக்கடி வந்தது, எப்பவாவதுன்னு ஆச்சு. நான் காலேஜ் போனேன். கல்யாணம் பண்ணேன். ஒரு நாள் கணக்குப் பாத்தா அவளவிட எனக்கு வயசு ஜாஸ்தி. அதுக்கப்புறம் வரல." அமோஸ் மூக்கை உறிஞ்சினார். "இந்தக் கிழவன் யாருன்னு வெக்கப்பட்டிருப்பா."

கூண்டுக்குள் காவலாளி போனைக் காதில் வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். ஃப்ளோரியாகத்தான் இருக்கும்.

"நீங்க மருந்துக்கடை வெச்சிருக்கீங்க" என்றான் எமரி. "நெசமாவே நம்பறீங்களா?"

"மாத்திரை எண்ணற நேரத்துல நம்ப மாட்டேன்."

எமரி குழந்தையின் கவுனை முழங்காலுக்கு இழுத்துவிட்டான்.

"மார்வா வந்தா யாரைத் தேடி வருவா?" என்றார் அமோஸ். "உன்னையா? இறாக்குஞ்சத்தான். நீ கதவுக்கு வெளிய நின்னு காது குடுத்துக் கேட்டுக்கிட்டு இருப்ப. இது உள்ள உக்காந்து, அம்மா ஏன் அழறான்னு தெரியாம, கையில இருக்கற பொம்மைய நீட்டும்."

அதை எமரி பார்த்தான். வெள்ளை ஜன்னல். கட்டில் கம்பி. பொம்மையை நீட்டுகிற கை. மார்வா வாங்கிக்கொள்ளாமல் நிற்பது. நாலு நாளாக அவன் எத்தனையோ தடவை அந்த அறையை நினைத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் மார்வா சிரித்தாள். அவள் எப்படி நிற்பாள் என்று நினைத்தானே ஒழிய, குழந்தை எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"விட்டுட்டா இவளுக்கு அம்மா இருந்தாங்கறதே தெரியாமப் போயிடும்ணே."

"உங்கப்பாவப் பத்தி உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்கம்மா மறு வருஷமே வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது."

"நீ வாய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? இவகிட்ட நீ சொல்லு."

எமரிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. செத்துப்போன சித்தப்பா மேல், அம்மா மேல், வார்னிஷ் வாடை மேல். இருபத்தைந்து வருஷமாகப் பெட்டியைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான்.

காவலாளி ஓடி வந்தான். கை நிறைய மஞ்சள் சீட்டுகள். "கண்ணாடிக்குள்ள தெரியற மாதிரி வையுங்க சார். அஞ்சு மணிக்குள்ள வெளிய வந்துடணும்."

"அவ தவிர" என்றார் அமோஸ், முன்னால் நின்ற கறுப்பு வண்டியைக் காட்டி. பையன் முகம் சிவந்தது. கம்பம் மேலே போனது.

*

ஓக் மரங்களுக்குக் கீழே, தண்ணீரை ஒட்டிக் கல்லறை. கிளைகளிலிருந்து மரப்பாசி தாடி தாடியாகத் தொங்கியது. இங்கே யாரும் புல் வெட்டுவதில்லை, மரம் வெட்டுவதில்லை. செத்தவர்களுக்கு நிழல் வேண்டும். வேலிக்கு அப்பால் புல் மழமழவென்று இருந்தது. சிவப்புக் கால்சட்டை போட்ட ஒருவர் பந்தடிக்கக் கையை ஓங்கியவர், ஜனத்தைப் பார்த்துவிட்டு மட்டையைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கடைசிவரை நின்றார்.

காரிலிருந்து இறங்கியதும் எமரி குழந்தையை அமோஸிடம் கொடுத்தான். துண்டிலிருந்து கோப்பையை எடுத்தான். அதன் விளிம்பில் மார்வாவின் உதட்டுச் சாயம் மங்கலாக இருந்தது. கழுவாமல் வைத்திருந்தான். காரின் முன் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினான். உடையவில்லை. நல்ல கோப்பை. கொஞ்சம் ஓங்கித் தட்டினான். காது தனியாக வந்தது. கோப்பையின் வயிற்றில் ஒரு கோடு ஓடியது. இரண்டையும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஃப்ளோரியிடம் நீட்டினான். ஃப்ளோரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கம் இல்லாத வேலை.

குழிக்குமேல் குறுக்குப் பலகைகள் போட்டு அவற்றின்மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். தலை மேற்கில், கால் கிழக்கில். எழுந்து உட்கார்ந்தால் சூரியனைப் பார்க்கிற மாதிரி. பாதிரியார் சொல்ல வேண்டியதைச் சொன்னார். பாட்டு முடிந்தது. கயிறு பிடிக்கிற ஆட்கள் கயிற்றைத் தொடாமல் நின்றார்கள். யாரும் எமரியைப் பார்க்கவில்லை. எர்த்தா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவனைத் தவிர.

எமரி பெட்டியின் இந்தப் பக்கம் வந்து நின்றான். குழந்தையை அமோஸிடமிருந்து வாங்கினான்.

"அந்தப் பக்கம் போங்கண்ணே."

அமோஸ் போகவில்லை. "அங்க நிக்க வேண்டியது எர்த்தா" என்றார்.

எர்த்தா சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். பெரிய உடம்பு. ஈர மண்ணில் கால் வைத்து உறுதி பார்த்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணில் மார்வாவுக்கு நீட்டிய கை.

எமரி குழந்தையை இரண்டு அக்குளிலும் பிடித்துத் தூக்கினான். தூக்கி நீட்டினான். பெட்டிக்கு மேலே வந்ததும் குழந்தை கீழே பார்த்தாள். பளபளப்பான மரத்தில் வெள்ளைக் கவுன் தெரிந்தது. எர்த்தாவின் கை அவளைப் பிடித்தது. எமரி விட வேண்டும்.

"விடு" என்றாள் எர்த்தா, மெதுவாக.

"நான் விட்டுட்டேன். அவதான் புடிச்சிருக்கா."

குழந்தை அவன் கட்டை விரலை முழுக் கையாலும் பற்றியிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், பெட்டிக்கு நேர் மேலே, தொங்கிக்கொண்டிருந்தாள். எமரி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மடங்கியது. கடைசியில் எர்த்தா இழுத்துக்கொண்டாள்.

மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். இரண்டாம் தரம் குழந்தைக்கு விளையாட்டுப் புரிந்துவிட்டது. காற்றில் போகும்போது காலை உதைத்தாள். மூன்றாம் தரம் வாய் விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தண்ணீர்வரை போனது. ஃப்ளோரி சிரித்துவிட்டு உடனே அழுதாள். கயிறு பிடிக்கிற ஆட்களில் ஒருவர் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். "இன்னும்" என்றாள் குழந்தை. அவளுக்குத் தெரிந்த சில வார்த்தைகளில் அது ஒன்று. "இன்னும்."

"போதும்டி செல்லம்" என்றாள் எர்த்தா. அவளைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு எமரியைப் பார்த்தாள். "சொல்லணும். தூக்கிக் குடுத்தவங்கதான் சொல்லணும்."

சொல்ல வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். பிள்ளை எங்களோடு இருக்கட்டும், நீ போ. அவ்வளவுதான். எமரி பெட்டியைப் பார்த்தான்.

"மார்வா. இறாக்குஞ்சு எங்ககிட்ட இருக்கட்டும். அவளுக்கு நீ யாருன்னு நான் சொல்லிக்கறேன். நீ போ."

பாதிரியார் ஆமென் என்றார். கூட்டம் ஆமென் என்றது. ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள்.

"அவகிட்டதான் வரக் கூடாது" என்றான் எமரி. "எங்கிட்ட வா. எப்ப வேணா வா. நான் முழிச்சிருப்பேன்."

கயிறு நின்றது. இப்படி ஒரு பேச்சை அந்தக் கல்லறை கேட்டதில்லை. பாதிரியார் எர்த்தாவைப் பார்த்தார். கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இறந்தவளைப் போகச் சொல்லிவிட்டு, அதே வாயால் வரச் சொல்கிறவனை என்ன செய்வது என்பதற்கு வழக்கம் எதுவும் இல்லை.

எர்த்தா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவனைத் தூக்கிக் குடுக்க எங்க கையில பலம் இல்ல" என்றாள் கடைசியில். "அது புருஷன் பொண்டாட்டி விஷயம். நீங்க இறக்குங்கப்பா."

இறக்கினார்கள்.